ரத்தக் காட்டேரிக் காதலர் பெருமக்களின் சமுகத்துக்குச் சமர்ப்பித்த உபசாரப் பத்திரம்

ஆங்கிலக் காதல் நாவல்களின் தாள்களிலும், வெள்ளித் திரையிலும், சின்னத் திரையிலும் எழுந்தருளி, தனித்துக் கிடக்கும் பெண்மணிகளின் துயர் துடைக்கும் தொண்டையே மூச்சாகக் கொண்ட (மூச்சு விட வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லாவிடினும்) மகா கனம் பொருந்திய ரத்தக் காட்டேரிக் காதலர் பெருமக்களே! மானிட வாசகர்களாகிய நாங்கள் கைகூப்பி, சிரம் தாழ்த்தி, கழுத்தை மட்டும் சற்றே நீட்டி, பேருவகையுடன் வாசித்தளிக்கும் உபசாரப் பத்திரம் இது.

உலகத்து அரசாங்கங்கள் தனிமை என்னும் நோயை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கின்றன. பிரிட்டன் 2018-இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021-இல் அதே வழியில் சென்றது. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, மனிதத் தொடர்பு அற்றுப்போவது நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் வரை புகைப்பதற்கு ஒப்பான கேடு என்று எச்சரித்தார். பாவம், இவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டைப் பாருங்கள்: பூங்கா வேண்டுமாம், நூலகம் வேண்டுமாம், கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். ஒரே கடியில் தீரக்கூடிய வியாதிக்கு எத்தனை பத்தியம், எத்தனை ஆரவாரம்! தங்கள் வைத்திய சாலையின் வாசற்படியை இவர்களில் ஒருவரும் மிதித்ததில்லை என்பது வெளிப்படை.

மரபின் மணிவிளக்குகளே!

தங்கள் குலத்தின் ஆதிகாலம் அறியாமையின் காலம். 1819-இல் ஜான் பாலிடோரி எழுதிய கதையில் ருத்வென் பிரபு தம் நண்பனின் தங்கையை மணந்து, குருதியைப் பருகிவிட்டு நடையைக் கட்டினார். அந்தப் பெண்ணின் மனக்காயம் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தாரா? 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா பிரபு திரான்சில்வேனியாவிலிருந்து இங்கிலாந்துவரை கப்பலேறி வந்தும், லூசியின் உள்ளத்து வெறுமையைக் குறித்து ஒருநாளாவது உட்கார்ந்து பேசினாரா? கொன்றவரைக் கொலைகாரர் என்றும், செத்தவளைச் செத்தவள் என்றும் கூச்சமின்றிச் சொல்லித் திரிந்த முரட்டு யுகம் அது. பூண்டும் மர ஆப்பும் கையுமாக ஆடவர் அலைந்தார்கள். ஆலோசனை கூறவும் அரவணைக்கவும் பிரபுக்களுக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

அந்த இருளிடையே முதல் சுடரை ஏற்றிய புண்ணியவதி கார்மில்லா அம்மையார். 1872-இல் ஷெரிடன் லெ ஃபானு வரைந்த சித்திரம் அது. ஸ்டிரியா நாட்டுக் காட்டுக்கு நடுவே ஒரு மாளிகை. அங்கே தகப்பனோடும் ஆசிரியைகளோடும் வளர்ந்து, வயதொத்த ஒரு தோழிக்காக ஏங்கும் லாரா. விருந்துக்கு வரவிருந்த பெண்ணோ இறந்துவிட்டாள் என்று கடிதம் வருகிறது. அன்று மாலையே வாசலில் வண்டி கவிழ்ந்து, அம்மையார் வந்து சேர்கிறார். வரவிருந்த தோழியைக் கொன்றவரும் அவரே, தோழியில்லாத வெற்றிடத்தை நிரப்பியவரும் அவரே. புண்ணைத் தம் கையாலேயே உண்டாக்கி, அதன்மேல் தம் கையாலேயே களிம்பு தடவும் இந்த நுட்பமன்றோ தங்கள் வைத்திய சாஸ்திரத்தின் மூல சூத்திரம்! நன்றி கெட்ட லெ ஃபானு கடைசி அத்தியாயங்களில் அம்மையாரின் நெஞ்சில் ஆப்படித்துத் தலையையும் கொய்துவிட்டார். பின்வந்த ஆசிரியர்கள் அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத் தங்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள்.

இடையே ஒரு பிழை நேர்ந்ததையும் பணிவுடன் குறிப்பிடக் கடமைப்பட்டுள்ளோம். ஆன் ரைஸ் என்னும் அம்மையார், ஐந்து வயதைத் தாண்டி ஆறைத் தொடாத மகளை 1972-இல் ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1976-இல் வெளிவந்த 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' நாவலில் அவர், சாகாவரம் பெற்றாலும் துக்கம் சாகாது என்று எழுதித் தொலைத்தார். லெஸ்டாட் பிரபுவின் சாதுரியத்தைக்கூட அவரால் மெச்ச முடியவில்லை. துணைவர் லூயி தம்மை விட்டு விலகப் பார்க்கிறார் என்று கண்டதும், ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் காட்டேரியாக்கி மடியில் வைத்தவர் லெஸ்டாட். ஒரு குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அதே ஞானம்! அந்தக் குழந்தை பல பத்தாண்டுகள் கழித்தும் அதே சிறு உடலுக்குள் அடைபட்டுச் சீறுவதை ரைஸ் பக்கம் பக்கமாகக் காட்டினார். ஆறாத காயத்தை ஆறாத காயமாகவே விட்டுவிட்ட இந்த அநாகரிகத்தைப் பின்வந்தோர் பெருந்தன்மையுடன் மன்னித்து, மறந்தும்விட்டார்கள்.

என்றும் பதினேழே, எட்வர்ட் கல்லன் பிரபுவே!

ஸ்டெஃபனி மேயர் 2003 ஜூன் 2-ஆம் தேதி கண்ட கனவில், புல்வெளி நடுவே மேனி மின்னத் தோன்றியருளி, 2005-இல் 'ட்விலைட்' நாவலாக அவதரித்து, பத்துக் கோடிக்கு மேல் பிரதிகளாகப் பெருகிய மூர்த்தி தாங்கள். தாங்கள் பிறந்தது 1901, சிகாகோவில். 1918-ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலில் மரணப் படுக்கையில் கிடந்தபோது டாக்டர் கார்லைல் கடித்து, தங்களைப் பதினேழிலேயே நிறுத்திவைத்தார். அன்று தொட்டுத் துணையின்றித் தவித்தீர்கள். தவித்துக்கொண்டே பள்ளி பள்ளியாக மாறி மாறிப் படித்தீர்கள்.

நூறு பிராயம் கடந்த ஒரு பெரியவருக்குப் பேச்சுத் துணையாக யார் அமைவார்? இரண்டு உலகப் போர்களையும் கண்ட கிழவி ஒருத்தி அமையலாம். ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியை அமையலாம். இப்படியெல்லாம் நினைப்பது எங்கள் சிற்றறிவு. தாங்களோ, வாஷிங்டன் மாநிலத்தின் மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூரில், உயிரியல் வகுப்பில் பக்கத்து இருக்கைக்கு வந்து சேர்ந்த பதினேழு வயது பெல்லாவைத் தேர்ந்தீர்கள். அவளுடைய குருதியின் வாசனை தங்கள் நாசியைத் தொட்டதே காரணம். எங்கள் ஜோசியர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தையும் தாங்கள் மூக்கிலேயே பார்த்து முடித்தீர்கள். ஊரார் மனத்தையெல்லாம் ஏடு போல் வாசிக்க வல்ல தங்களுக்கு இவள் மனம் மட்டும் எட்டவில்லை. வருங்கால மனைவி என்ன நினைக்கிறாள் என்பது தெரியாதிருப்பதைக் காதலின் தலையாய தகுதியாக நிறுவிய பெருமை தங்களையே சாரும்.

அந்த முதல் நாளில், வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளையும் கொன்றாவது அவளைக் குடித்துவிடலாமா என்று தாங்கள் கணக்குப் போட்டதையும், போட்ட கணக்கை அடக்கிக்கொண்டதையும், அதே கதையைத் தங்கள் வாய்மொழியாகச் சொல்லி 2020-இல் வெளியான 'மிட்நைட் சன்' விரித்துரைக்கிறது. என்னே மென்மை! எங்கள் ஊரில் எத்தனையோ ஆண்கள் பக்கத்து இருக்கைப் பெண்ணை அன்றாடம் கொல்லாமல் விடுகிறார்கள். அதற்காக யாரும் அவர்கள் கழுத்தில் மாலை போடுவதில்லை. கொல்லாமல் விடுவதே கொஞ்சுவது என்று எங்களுக்குக் கற்பிக்கத் தாங்கள் வர வேண்டியிருந்தது.

துயில் காக்கும் தூயவரே!

பெல்லாவுக்கு உண்மையிலேயே ஒரு தனிமை இருந்தது. தாய்க்கே தாயாக இருந்து வளர்ந்த பிள்ளை அவள். தாய் மறுமணம் செய்துகொண்டு, பேஸ்பால் ஆடும் புதுக் கணவரோடு ஊர் ஊராகப் போக ஆசைப்பட்டபோது, அந்த ஆசைக்கு இடம் விட்டு, வெயில் காய்ந்த ஃபீனிக்ஸிலிருந்து மழைக்கு இடம்பெயர்ந்தவள். அதிகம் பேசத் தெரியாத தகப்பனுக்குச் சமைத்துப் போட்டவள். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு நேரத்தை வீணாக்குவது சாதாரண நண்பர்களின் வேலை. தாங்கள் இரவில் ஜன்னல் வழியாக ஏறி, அவளுக்குத் தெரியாமல், அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஜன்னல் கிறீச்சிட்டு அவள் துயில் கலைந்துவிடக் கூடாதே என்று எண்ணெய் கொண்டுவரவும் திருவுளம் கொண்டீர்கள். அதே கூரையின் கீழ் உறங்கிய தகப்பனார் அவ்வூர்க் காவல்துறைத் தலைவர் என்பது இந்தத் தொண்டின் நயத்தைக் கூட்டுகிறது. அழையாமல் வந்து, கேளாமல் நுழைந்து, சொல்லாமல் நின்றவரை வேறு எந்த ஊரிலும் எந்தப் பெயரால் அழைத்திருப்பார்களோ, அதை இங்கு எழுத எங்கள் பேனா கூசுகிறது. பெல்லாவுக்கு விஷயம் தெரியவந்தபோது அவள் மகிழ்ந்தாள் என்று நாவலே சான்று பகர்வதால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

வைத்திய சிகாமணியே!

2006-இல் வெளியான 'நியூ மூன்' தங்கள் மருத்துவத்தின் உச்சம். பெல்லாவின் பதினெட்டாம் பிறந்தநாளில், பரிசுப் பொட்டலத்தின் காகிதம் விரலைக் கீற, ஒரு துளி ரத்தத்துக்குத் தங்கள் சகோதரர் பாய்ந்துவிட்டார். உடனே அவள் நன்மையைக் கருதி, அவளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு மறைந்தீர்கள். தாங்கள் தந்த பரிசுகளையும் படங்களையும்கூடக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திய பக்குவம் சொல்லில் அடங்காது. அதன்பின் நாவலில் நான்கு மாதங்களின் பெயர்கள் மட்டும் தலைக்கு ஒரு பக்கமாக வருகின்றன; அவற்றின் கீழே எழுத ஒன்றுமில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை வெற்றுத்தாளாக்கிக் காட்டியதை வேறு எந்த வைத்தியராவது தம் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியுமா? அவள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும், கடலோரப் பாறை உச்சியிலிருந்து குதித்தாலும், ஆபத்தின் விளிம்பில் தங்கள் குரல் அவள் காதில் ஒலித்தது. உயிரைப் பணயம் வைத்தால் அன்பு பேசும் என்ற இந்த அரிய பாடத்தை உலகெங்கும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்துத் தேறினார்கள்.

இந்த இடத்தில் ஒரு போலி வைத்தியர் குறுக்கிட்டார். லா புஷ் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஜேகப் பிளாக். இவர் செய்த சிகிச்சையின் அற்பத்தனத்தைக் கேளுங்கள். தம் வீட்டுக் கொட்டகையில் உடைந்த மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, அதைப் பூட்டிக்கொண்டே பேசினார், சிரித்தார், சிரிக்கவைத்தார். நாள் போகப் போக அந்தப் பெண் சாப்பிட்டாள், தூங்கினாள், தகப்பன் முகத்தில் உயிர் வந்தது. ரத்தமும் இல்லை, மர்மமும் இல்லை, கட்டணமும் இல்லை. கையிலே ஒரு வேலை, பக்கத்திலே ஒரு ஆள் என்று மனம் ஆறிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டிருந்தால் அவள் குணமாகியே போயிருப்பாள். அந்த விபத்திலிருந்து நாவலைக் காப்பாற்றத் தாங்கள் திரும்பி எழுந்தருளினீர்கள். அவள் இறந்துவிட்டதாகத் தவறாகக் கேள்விப்பட்டு, இத்தாலியின் வோல்டெரா நகருக்குத் தற்கொலை செய்துகொள்ளச் சென்று, தங்களை மீட்க அவளையே கடல் கடந்து ஓடிவரச் செய்தீர்கள். நோயாளி வைத்தியரைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி வேறு எந்த மருத்துவமனையில் காணக் கிடைக்கும்? ஜேகப்பும் பிற்பாடு திருந்தினார். பலவந்தமாக முத்தமிட்டுத் தங்கள் கல்விச்சாலையில் தேர்ச்சி பெற்றார். நான்காம் நாவலில், பெல்லாவுக்குப் பிறந்த பச்சிளங்குழந்தையையே தம் வாழ்நாள் இணையாகக் கண்டுகொண்டு, பட்டத்துக்கும் தகுதியானார்.

சுற்றம் துறப்பித்த சுடரே!

தனிமை என்பது யாரையோ இழந்ததால் வருவது. இழப்பதற்கு ஒருவருமே மிச்சமில்லாவிட்டால் அது எப்படி வரும்? இந்தச் சித்தாந்தத்தை 'எக்லிப்ஸ்' நாவலில் செயல் விளக்கமாகவே காட்டினீர்கள். நண்பனைப் பார்க்க பெல்லா கிளம்பினாள். அவள் வண்டியின் என்ஜினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டீர்கள். தாங்கள் வேட்டைக்குச் சென்றபோது, அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளத் தங்கள் சகோதரி ஆலிஸுக்கு மஞ்சள் நிற போர்ஷே கார் ஒன்றைக் கூலியாகத் தந்தீர்கள். காவலாளிக்குச் சம்பளம் தருவோர் உண்டு. காரையே தருவோர் எங்கே உண்டு?

பள்ளித் தோழிகள் ஒவ்வொருவராகக் கதையின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். கல்லூரி என்பது ஊருக்குச் சொல்லும் சாக்காயிற்று. தாயிடம் உண்மை சொல்லப்படவே இல்லை. தகப்பனுக்கு அளந்து அளந்து கொஞ்சம் சொல்லப்பட்டது. நான்காம் நாவலில் திருமணம், தேனிலவு. பிரேசில் பக்கத்துத் தீவில் முதலிரவு விடிந்தபோது மணமகளின் உடம்பெங்கும் கன்றிப் போயிருந்தது. தாங்கள் மனம் நொந்தீர்கள். அந்தப் பெண்ணோ தங்கள் கண்ணில் படாமல் காயத்தை மறைத்து, தங்களைத் தேற்றுவதிலேயே அந்த நாளைச் செலவிட்டாள். அடித்த கை நோகுமே என்று கவலைப்படும் குலவதிகள் எங்கள் பழங்கதைகளோடு போய்விட்டார்கள் என்று வருந்திக்கொண்டிருந்த எங்களுக்கு, 2008-இல் அமெரிக்காவிலிருந்து அவர்களைத் திருப்பி அனுப்பிவைத்த தங்கள் கருணையை என்னென்போம்! பின்னர் வயிற்றுப் பிள்ளை அவள் விலா எலும்பை நொறுக்க, முதுகெலும்பும் முறிய, இருதயம் நிற்கும் தறுவாயில் தாங்கள் விஷம் பாய்ச்ச, பத்தொன்பதை எட்டும் முன்பே அவள் மானிடத் துன்பங்கள் அனைத்திலிருந்தும் விடுபட்டாள். பெல்லாவின் தனிமை தீர்ந்தது. பெல்லாவும் தீர்ந்தாள்.

பார்வை பெற்ற மிக்காயில் பிரபுவே!

கிறிஸ்டின் ஃபீஹன் 1999-இல் 'டார்க் பிரின்ஸ்' நாவலில் தொடங்கி, முப்பதையும் தாண்டி நாவல் நாவலாகப் புகழ் பரப்பிவரும் கார்பாத்திய குலத்துத் தலைவரே! தங்கள் இனத்து ஆடவர் ரத்தம் அருந்துவோரேயாயினும், ஆன்மாவை இழந்தவர்களை மட்டுமே காட்டேரி என்று அழைக்கும் நுண்ணிய வேறுபாட்டை நாங்கள் அறிவோம். சில நூற்றாண்டுகளில் தங்களுக்கு உணர்ச்சி மங்கிப்போகும், உலகம் கறுப்பு வெள்ளையாகிவிடும். உரிய பெண் அகப்பட்டதும் வண்ணங்கள் திரும்பிவரும். ஆகவே அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டுக் கொண்டிருப்பது ஆபத்து. கட்டுப்படுத்தும் மந்திர வாசகத்தைத் தாங்கள் உச்சரித்த மாத்திரத்தில் இரண்டு ஆன்மாக்களும் பிணைந்துவிடுகின்றன. எங்கள் திருமணங்களில் ஐயர் எத்தனை மந்திரம் சொன்னாலும் மறுநாளே பெண் பிறந்தகத்துக்குப் போய்ச் சண்டை போடும் வசதி இருக்கிறது. தங்கள் முறையில் அந்தக் குறை கிடையாது.

கொலைகாரர்களின் மனத்துக்குள் புகுந்து அவர்களைப் பிடிக்க உதவி உதவி, மனம் சலித்து ஓய்வுக்காக மலைநாட்டுக்கு வந்தவள் ரேவன். அவளுக்குத் தாங்கள் அளித்த ஓய்வைப் பாருங்கள்! தாங்கள் பகலில் மண்ணுக்கடியில் உறங்கும்போது தங்கள் மனத்தைத் தொட முடியாமல், இறந்தே போய்விட்டீர்களோ என்று அவள் பித்துப் பிடித்தவளாய்த் தவிக்கிறாள். முன்பு அவள் தனித்திருந்தாள், அவ்வளவுதான். இப்போது ஒருவர் சில மணி நேரம் தூங்கப் போனாலே உயிர் துடிக்கிறது. இத்தகைய முன்னேற்றத்தை மனநல மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் முயன்றாலும் உண்டாக்க முடியாது.

மறதி தரும் மாமணிகளே!

சார்லெய்ன் ஹாரிஸ் 2001-இல் படைத்த சூக்கி ஸ்டேக்ஹவுஸ், லூசியானாவின் ஒரு சிற்றூரில் மதுக்கடைப் பணிப்பெண். ஊரார் நினைப்பதெல்லாம் ஓயாமல் காதில் விழும் சாபம் பெற்றவள். பில் காம்ப்டன் பிரபு வந்து உட்கார்ந்ததும் முதல்முறையாக அவளுக்கு நிசப்தம் கிடைத்தது. ஏங்கிக் கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! அந்தக் கதை 'ட்ரூ பிளட்' தொடராகத் திரையேறியபோது பிரபுவின் பெருமை இன்னும் பெருகியது. இரண்டு முரடர்கள் அவளைச் சாகும் அளவுக்கு அடித்தபோது பிரபு வந்து காப்பாற்றி, தம் குருதியை ஊட்டிப் பிழைக்கவைத்தார். அந்தக் குருதியின் விசேஷம், குடித்தவளின் உணர்வுகளைக் கொடுத்தவர் உணர்வார் என்பது. அப்படிக் குருதியூட்ட வேண்டும் என்பதற்காகவே, முரடர்கள் அவளை அடிப்பதைப் பிரபு பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மூன்றாம் பருவத்தின் முடிவில்தான் தெரியவந்தது. கார்மில்லா அம்மையாரின் மூல சூத்திரத்தை இத்தனை தலைமுறைக்குப் பின்னும் எழுத்துப் பிசகாமல் காத்துவரும் குல பக்தியை எப்படிப் போற்றுவது!

'த வேம்பயர் டைரீஸ்' தொடரில் டேமன் சால்வடோர் பிரபுவின் சிகிச்சையோ இன்னும் துரிதம். ஜெரமி என்னும் பையனின் காதலியைக் காட்டேரியாக்கி அவள் அழிவுக்கு வழிகோலியவர் அவரே. துக்கத்தில் உடைந்த பையனின் கண்ணுக்குள் பார்த்து, நடந்ததை மறக்கும்படி ஆணையிட்டவரும் அவரே. காரியம், கருமாதி, பத்து நாள் அழுகை, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் சாப்பாடு, ஒரு வருஷம் கழித்துத் திடீரென்று பீறிடும் கண்ணீர் எல்லாம் மிச்சம். இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே அதே பையனின் கழுத்தை அவர் முறித்தார் என்பதையும், மாய மோதிரம் அணிந்திருந்ததால் பையன் பிழைத்தான் என்பதையும் பதிவு செய்கிறோம். மறுபரிசோதனைக்கு நோயாளியை இத்தனை அக்கறையாகத் தேடிவந்த வைத்தியர் வேறு யார்? தங்கள் குலத்தார் வலி பொறுக்க முடியாதபோது உணர்ச்சிகளையே விளக்கணைப்பதுபோல் அணைத்துவிடுவார்கள் என்றும் அத்தொடர் கற்பித்தது. உணர்ச்சியற்றுப் போவதே உணர்ச்சிக் காயத்துக்கு மருந்து என்பதை எங்கள் ஊர்ச் சாராயக்கடைக்காரர்கள் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

வணிகம் வளர்த்த வள்ளல்களே!

தங்கள் கருணையால் செழித்த தொழில்களை நன்றியுடன் நினைக்கிறோம். 2008 முதல் 2012 வரை ட்விலைட் படங்கள் ஐந்து வெளிவந்து 330 கோடி டாலருக்கு மேல் ஈட்டின. ட்விலைட் ரசிகை ஒருவர் எழுதத் தொடங்கிய கதை, பெயர்களை மாற்றிக்கொண்டு 2011-இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆயிற்று. கோரைப்பல்லைக் கழற்றிவிட்டு ஹெலிகாப்டரை மாட்டினால் போதும், வைத்தியம் அப்படியே பலிக்கும் என்று அது நிரூபித்தது. அதில் நாயகர் பெண்ணின் கைபேசியைக் கொண்டு அவள் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கிறார், அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தையே விலைக்கு வாங்குகிறார். ஜன்னலுக்கு எண்ணெய் போடும் சிரமம் காலப்போக்கில் இல்லாமற்போனது. 2020 ஆகஸ்டில், தொற்றுக்கு அஞ்சி உலகமே தனித்தனி அறைகளில் முடங்கிக் கிடந்த அந்தத் திங்களில், அதே கதையை எட்வர்ட் பிரபு சொல்வதாகத் திருப்பி எழுதிப் பதிப்பித்தார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது மருந்துக் கடை திறந்திருக்க வேண்டும் என்ற பொதுநல நோக்கை நாங்கள் மெச்சுகிறோம். ஒரு புத்தகத்தில் தனிமை தீர்ந்துவிட்டால் அடுத்த புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்ற சில்லறைக் கேள்வி எங்களுக்கு எழவே இல்லை.

சமுகத்தில் வைக்கும் விண்ணப்பங்கள்

உபசாரப் பத்திரம் வாசித்தவர்கள் கோரிக்கை வைப்பது மரபு. எங்களுடையவை மூன்று.

முதலாவது: தனிமையில் வாடுகிறவர்களில் முதியோரும் உண்டு. கணவர் போய், பிள்ளைகள் தூர தேசம் போய், தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டிருக்கும் எண்பது வயது அம்மையார்களின் வீட்டு ஜன்னல்கள் எந்த ஊரிலும் இரவெல்லாம் காத்திருக்கின்றன. பிராயத்தில் அவர்களே தங்களுக்கு ஏறக்குறைய நிகர். பழைய நாட்களைப் பற்றிப் பேசவும் ஆள் கிடைக்கும். ஆயினும் இரு நூற்றாண்டு வரலாற்றில் அந்த ஜன்னலில் தங்களில் ஒருவர்கூடத் தலைகாட்டியதாக நாங்கள் வாசித்த நூல்களில் சான்றில்லை. அவர்கள் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி என்ற மருத்துவக் காரணம் எங்களுக்கு விளங்குகிறது. இருப்பினும், தங்கள் நோக்கம் தனிமையைப் போக்குவதே என்பதால், நினைவூட்டுகிறோம்.

இரண்டாவது: நாயகிக்குத் தோழி, பக்கத்து வீட்டுக்காரி, சிற்றன்னை, வாயாடி ஆசிரியை என்று யாரையாவது முதல் அத்தியாயத்தில் படைத்துவிட்டு, பிறகு அவர்களை அப்புறப்படுத்தப் பக்கங்களைச் செலவழிக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் கைவிடும்படி தாங்கள் கட்டளையிட வேண்டும். காகிதம் மிச்சமாகும். தவறிப்போய் அவர்களில் ஒருத்தி, நீ எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் இரு என்று அழைத்துவிட்டால், தொடர் முழுவதும் முதல் நாவலிலேயே முடிந்துபோகும் அபாயமும் இருக்கிறது.

மூன்றாவது விண்ணப்பம் என்பதைவிடப் பாராட்டு என்பதே பொருந்தும். மற்ற வைத்திய சாலைகளின் பெருமையை, குணமாகி வீடு திரும்பியோர் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கிறார்கள். தங்கள் சாலைக்குள் சேர்க்கப்பட்ட ஆயிரமாயிரம் நாயகிகளில், "எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது, வருகிறேன்" என்று சொல்லி வெளியே வந்தவள் ஒருத்தியையும் நாங்கள் கண்டதில்லை. அத்தனை பேரும் இன்றும் உள்நோயாளிகளே. சிகிச்சை முடியாததால் தவறு நேர்ந்தது என்று ஒருவரும் சொல்ல முடியாத, அறுவடைக்கும் ஒருநாளும் குறைவில்லாத இந்த நிர்வாகத் திறமை நீடூழி வாழ்க என்று வாழ்த்தி அமைகிறோம்.

இங்ஙனம்,
அடுத்த பாகத்துக்கு முன்பணம் செலுத்திக் காத்திருக்கும்
தங்கள் அடிமை வாசகர்கள்